மூணாவது சுத்து

இல்லக்கா, ஜெமேலி ஜெயிக்கமாட்டா. இந்த வேலியோரத்துல யாரை வேணா கேளுங்க, அதைத்தான் சொல்லுவாங்க. நாலாவதா வருவா. ரொம்ப நல்லா ஓடினா மூணாவது.

கொஞ்சம் நகந்துக்கிறீங்களா, வெயிலு பாப்பா மூஞ்சில அடிக்குது. நூல்கண்டை அந்தப் பக்கம் வெச்சுக்கங்க, இவ இழுத்துருவா. இந்தப் பை இங்கயே இருக்கட்டும். ஒண்ணுமில்ல, பாப்பா துணிதான். ஸ்வெட்டரு தம்பிக்கா? ஓ, மத்தியானம் ஆம்பளைங்க ஓட்டத்துல அவரும் ஓடறாரா. அப்ப அதுவரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போகமாட்டீங்க. இல்ல, சும்மா கேட்டேன்.

ஜெமேலி இன்னும் கோட்டுக்கிட்ட வரல. அதோ சிவப்பு டிராயர் போட்டுக்கிட்டு குதிச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க, அவதான் சாலினா. அவளுக்குக் குதிகாலுன்னு ஒண்ணு இருக்கறதே வீண், தரையில படறதே இல்ல. ரெண்டு சுத்து ஓட்டத்துல அவளை யாரும் தொட முடியாது. ஜெமேலி அப்படியில்ல. நீள ஓட்டக்காரி. பத்தாயிரம் மீட்டர், காடுமேடு ஓட்டம், அந்த மாதிரி. அவ ஈர விறகு மாதிரியாம், புகைஞ்சுக்கிட்டே இருந்து, சோறு இறக்கினப்புறம்தான் பத்துமாம். கொழுந்துக் கூடையை எடை போடற கிளார்க்கு சொன்னாரு. வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஜெமேலியும் சிரிச்சா. வேற என்ன பண்ணுவா, கூடை எடை அவரு கையிலதானே இருக்கு.

அப்புறம் எதுக்கு ஓடறாளா? இந்த வருஷம் பொம்பளைங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு மைலுதான்கா, நாலு சுத்து. முன்னாடி இருந்த வெள்ளைக்காரத் தொரை ஆரம்பிச்சு வெச்சது. அவரு போயிட்டாரு, மைலு போகல. முதல்ல வர்ற ரெண்டு பேரைத் தோட்டத்து அணியில எடுத்துக்குவாங்க. அப்புறம் காலையில மட்டும் கொழுந்து பறிச்சாப் போதும், மத்தியானம் ஓட்டப் பயிற்சி. லயத்துல ஒரு ரூமு குடுப்பாங்க, தனிப் பூட்டு, தனிச் சாவி. இப்ப அவ இருக்கறது மாமியா வீட்டு முத்தத்துல, ஆட்டுக் கொட்டாயை ஒட்டினாப்புல. ஆடுங்க நல்ல ஆடுங்கதான். மாமியாதான் கொஞ்சம். சரி, அதை விடுங்க.

அந்தம்மா சொன்னதைக் கேளுங்க. பால் குடுக்கற மாட்டை யாராச்சும் ஓட விடுவாங்களாடின்னு கேட்டுச்சாம். கைக்குழந்தைக்காரி இல்லியா ஜெமேலி, அதுக்கு. ஜெயிச்சு வர்றவங்களுக்கு நாம சுரைக்குடுக்கையில பால் குடுத்துத்தானே உள்ள கூட்டிப் போவோம், அதனால அவ வீட்டுக்காரரு, அம்மா, ஒரு குடுக்கை எடுத்து வையேன்னு கேட்டிருக்காரு. அதுக்கு அந்தம்மா, நாலாவதா வர்றவளுக்குத் தண்ணி போதும், இது பாஸ்டர் வந்தா குடுக்கறதுக்குன்னு சொல்லிருச்சு. உள்ள நல்லாக் கரி தேச்சு உறைய வெச்ச பாலுக்கா. பாசிமணி கோத்த மூடி. உத்தரத்துல தொங்குது. பாஸ்டர் எந்த மைலை ஓடினாருன்னு யாரும் கேக்கல.

எனக்கு எப்படித் தெரியுமா? சின்ன ஊருக்கா. சுவரும் தகரச் சுவரு.

நீங்க சிரிக்கறப்ப இவ உங்களையே பாக்கறா பாருங்க. புது ஆளுன்னா உதட்டைப் பிதுக்குவா. உங்ககிட்ட ஒண்ணும் பண்ணல. ஜெரோப்னு பேரு. நல்ல மழையில பொறந்தா, கூரை ஒழுகி மருத்துவச்சி குடை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. விரலைக் குடுங்களேன், பிடிச்சுக்குவா.

எல்லாரும் தோப்பான்னு சொன்னாக்கூட பரவாயில்லியேக்கா. அந்த அரப் சாங் இருக்காரில்ல, கறி சுடறவரு, குறியும் சொல்லுவாரு, அவரு போயி ஜெமேலிதான் முதல்ல வருவான்னுட்டாரு. அவரு வாக்கு என்னிக்காச்சும் பலிச்சிருக்கா? மழை வரும்பாரு, புழுதி பறக்கும். கன்னு கெடேரிம்பாரு, காளை பொறக்கும். போன வருஷம் அவரு முதல்ல வருவான்னு சொன்ன பையன் வழி தவறி சர்ச்சு வாசலுக்குப் போயிட்டான். ஜெமேலிக்கு விஷயம் உடனே காதுல விழுந்துருச்சு. மடி நிறைய அவகாடோ எடுத்துக்கிட்டு அவரு அடுப்புக்கிட்டப் போயி, பெரியவரே, தயவு பண்ணி என் பேரை எடுத்துருங்க, நாலாவதுன்னு மாத்திச் சொல்லிருங்கன்னு கேட்டிருக்கா. அவரு பழத்தை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தாரு. உன் காதைப் பாத்துத்தானேம்மா சொன்னேன், காது மாறலியேன்னாரு. கடைசியில சரின்னுட்டாரு. இப்ப அவரும் நாலாவதுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு. அது ஒண்ணுதான் ஜெமேலிக்கு இன்னிக்கு ஆறுதல்.

என் கணக்கா? எனக்கு என்ன தெரியும், அஞ்சாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவ நான். ஆனா நீங்க கேட்டதால சொல்றேன். முதல் சுத்துல சாலினா பிச்சுக்கிட்டுப் போவா. சனமெல்லாம் கத்தும். ஜெமேலி பின்னாடி கிடப்பா, கிடக்கட்டும். ரெண்டாவதுலயும் அதே கதை. கடைசிச் சுத்துல சாலினாகூடப் போட்டி போட முடியாது, ஜெமேலி காலுக்கு அந்தப் பாய்ச்சல் வராது. கடைசிச் சுத்துக்கு மணி அடிக்கறப்ப சாலினா பக்கத்துல இருந்தா கதை முடிஞ்சுது. அதனால மூணாவதுதான். மூணாவது சுத்தை யாருமே பாக்கமாட்டாங்கக்கா, கவனிச்சிருக்கீங்களா? முதலும் கடைசியும் பாப்பாங்க. மூணாவதுலதான் எல்லாரும் சுட்ட சோளம் வாங்கப் போவாங்க. ஓடறவங்களும் அப்படித்தான், கடைசிக்குன்னு கொஞ்சம் மூச்சை முடிஞ்சு வெச்சுக்குவாங்க. அங்க நான் முன்னாடி போயி நெருக்கிட்டேன்னா, அவ நெருக்கிட்டான்னா, சாலினா முடிஞ்சு வெச்சதையெல்லாம் அங்கயே அவுக்கணும். நெஞ்சு எரியும். கால் மரக்கட்டையாயிரும். நீள ஓட்டக்காரிக்கு அது தினமும் பழகினதுதானே. மலையேத்தத்துல பாதி வழி அப்படியேதான் போகணும்.

என்னது? இல்ல, வாய் தவறிருச்சு.

ஆனா அவளுக்கு அந்தத் தைரியம் வருமான்னு தெரியல. பயந்தாங்கொள்ளி அவ. கடையில மீதிச் சில்லறை கேக்கறதுக்கே மூணு தடவை வாசல் வரைக்கும் போய்ட்டு வருவா. அதான் நாலாவதுன்னு சொல்லி வெச்சுக்கறது. சொல்லி வெச்சா யாரும் எதிர்பாக்கமாட்டாங்கல்ல.

ஷூவா? இதா? சும்மா, சகதிக்குப் போட்டுக்கிட்டேன். பழசுதான். பாவாடைக்குக் கீழ ஷூ போடக்கூடாதா என்ன.

இவங்கப்பா வந்து பாப்பாவை வெச்சுக்கறேன்னு சொல்லியிருந்தாரு. மோட்டார் சைக்கிள் சவாரி ஓட்டறாரு. காலையில வர்ற வழியில யாரோ பிள்ளைத்தாச்சி, வலி எடுத்திருச்சுன்னு கை காட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஓட்டம்தான் முக்கியம், நீ நடந்து போம்மான்னா சொல்ல முடியும்? அவரைத் திட்டவும் வாய் வரல. மாமியாளைக் கேட்டா, போடி, சர்ச்சுல பாட்டுப் பயிற்சின்னுருச்சு. நான் விடிஞ்சதுல இருந்து இந்த வேலியோரம் முழுக்க நடந்தாச்சு, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டு. அங்க நிக்கற டீச்சரம்மா சுத்தமா இருக்காங்க, கேக்கப் பயமா இருக்கு. அந்தப் பொண்ணுங்க போனையே பாத்துக்கிட்டிருக்காங்க. உங்களைத்தான் பாத்தேன். பின்னல் ஒரு கண்ணு தவறினதுக்கு நீங்க பொறுமையா ஒரு வரிசை முழுக்கப் பிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் வந்து உக்காந்தேன். நான் இவ்வளவு பேசறவளே இல்லக்கா. என் வீட்டுக்காரரு கேட்டா நம்பமாட்டாரு.

இருங்க, மைக்குல பேரு படிக்கறாங்க. சாலினா. அப்புறம் அந்த நெட்டைப் பொண்ணு.

ஜெமேலி. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க.

அக்கா, இவளைக் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? நாலே சுத்து. ஓடி வந்துருவேன். இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சா, அழமாட்டா. அழுதா அந்த நூல்கண்டையே குடுத்துருங்க, நான் அப்புறம் சுத்தித் தர்றேன். இந்தத் துணியைப் பிடிங்க, உள்ள டிராயர் போட்டிருக்கேன். நம்பர் நேரா இருக்கா?

ஷூ கயிறை ஒரு தடவை இறுக்கிக்கறேன்.

அப்புறம் அந்தப் பையைச் சாய்ச்சுராதீங்க, நேரா நிக்கணும். துணிக்கடியில குடுக்கை இருக்கு. ஆமா, பாசிமணி மூடி போட்டதுதான். பாஸ்டருக்கு டீ குடுத்துக்கலாம். மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும்கா, மூணாவது சுத்து முடியறப்பவே திறந்து வெச்சுருங்க.