தெற்கே பார்த்த ஆன்டெனா

— ஆன்டெனாவைத் திருப்பப் போறாங்களா? எந்தப் பக்கம்?

— வடக்கே. ஆத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கப் போகுது.

— இரு ராணி, இரு. டோன்யா சாயோ! அந்த ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் அணைங்களேன், ஒரு எழவும் காதுல விழல! ம், இப்ப சொல்லு. இல்ல, கேக்கறேன், நீ ஞாயித்துக்கிழமைதானே கூப்பிடுவே? இந்த ஞாயிறு கூப்பிடவும் இல்ல. புதன்கிழமை அதுவுமா, ‘ஒராலியா லைன்ல இருக்கா, ஓடி வா’ன்னு இந்தக் கடைக்காரம்மா வந்து கதவைத் தட்டினதும் எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லியே?

— பிள்ளைங்க நல்லாருக்காங்க. பாஸ்டரம்மா வீட்டுல இருக்காங்க.

— இந்நேரத்துல அங்க என்ன வேலை? பள்ளிக்கூடம் இல்லியா?

— அதை விடு. ஆன்டெனா கதையைக் கேளு. நம்ம சர்ச் சேனல் நம்பரைப் பெரிய சேனல் ஒண்ணு கேட்டுச்சாம். அரசாங்கம் தூக்கிக் குடுத்துடுச்சு. நம்மள மாதிரிச் சின்ன சேனல் எந்திரிச்சு வேற எடம் பாத்துக்கணுமாம். பாத்துக் குடுத்த எடத்துல என்னடான்னா, மெக்சிகோ சேனல் ஒண்ணு ஏற்கெனவே உக்காந்திருக்கு. அதனால நம்ம படம் ஆத்தைத் தாண்டக் கூடாது.

— படத்துக்கும் பாஸ்போர்ட் கேக்கறாங்களா?

— சிரிக்காதே.

— சிரிக்காம என்ன செய்யச் சொல்றே? பேப்பர் இல்லேன்னு ஆளைத் தூக்கிப் பாலத்துல இந்த மெக்சிகோப் பக்கம் போட்டாங்க. சரின்னு போனேன். இப்ப படத்தையும் அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கறாங்க. பாஸ்டர் என்ன சொல்றாரு?

— முழங்கால்ல நிக்கறாரு. வேற என்ன செய்வாரு? கடுதாசி மேல கடுதாசி போட்டுப் பாத்தாரு. ஒரு வக்கீலையும் போய்ப் பாத்தாரு. ‘ஐயா, நீங்க வடக்கே திருப்பினா டெக்சாஸ்ல இன்னும் நெறையப் பேர் பாப்பாங்க, சந்தோஷப்படுங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டாராம்.

— வடக்கே யாரு பாக்கறது? பசுமாடுதான் பாக்கும்.

— அதையேதான் பாஸ்டரம்மாவும் சொன்னாங்க.

— அந்தக் கம்பத்தை வெல்டிங் வச்சவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? தெற்கே வை எவரிஸ்தோ, அந்தக் கரையிலயும் ஆத்துமாக்கள் இருக்குன்னு அந்த மனுஷன் கீழ நின்னுக்கிட்டுக் கத்தினாரு. காத்துல என் தொப்பி பறந்து போச்சு. திசைகாட்டிகூட இல்ல. அக்கரையில ரெய்னோசா சர்ச் கோபுரம் தெரிஞ்சுது, அதைப் பாத்துத் திருகி வச்சேன். கத்தோலிக்கக் கோபுரத்தைக் குறி வச்சா நம்ம ஊழியம் செழிக்கும்னு நான் வெளையாட்டுக்குச் சொன்னதை, அவரு அந்த ஞாயிறு பிரசங்கத்துலயே சேத்துட்டாரு.

— அந்த ஆத்துமாக்கள்ல நீயும் ஒருத்தனா ஆவேன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

— ஆமா. நான் வச்ச ஆன்டெனாவுலதான் என் பொண்டாட்டியை நான் பாக்கறேன். இந்த ஊர்ல வேற எவனுக்கு அப்படி வாய்ச்சிருக்கு?

— நான் முதல்ல நம்ம சர்ச்சுக்கு வந்தது ஞாபகம் இருக்கா?

— டயர் பஞ்சர்னு வந்தே.

— டயர் கடைன்னு வெளிய பலகை தொங்குச்சுய்யா! உள்ள வந்து பாத்தா, டயர் இருந்த எடத்துல ஒரு பிரசங்க மேடை. கல்யாண வீடியோ எடுக்கறவன் மனந்திரும்பிக் குடுத்துட்டுப் போன ஒரு கேமரா. ஏணி மேல ஒருத்தன் விளக்கு மாட்டிக்கிட்டிருந்தான். என்னைப் பாத்ததும் ஸ்பேனரைக் கீழ போட்டான்.

— கை நழுவிடுச்சு.

— பொய். பாஸ்டர் கால் கட்டை விரல் மேல விழுந்துச்சு. வலியில அந்த மனுஷன் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு குதிச்சதை ஆவி எறங்கிடுச்சுன்னு நெனச்சு நானும் முட்டி போட்டேன்.

— அப்புறம் உன் பஞ்சரை நான்தானே ஒட்டிக் குடுத்தேன்?

— ஒட்டினே. மறுவாரமே திரும்பக் காத்து போச்சு.

— நீ மறுபடி வரணும்னு லேசா ஒட்டினேன் ராணி.

— தெரியும். அதனாலதான் வந்தேன். முதல் ஒளிபரப்பு அன்னிக்கு லென்ஸ் மூடியைக் கழட்டாம பாஸ்டரை ஒரு பிரசங்கம் முழுக்க இருட்டுல பேச வச்சியே, அதையும் நான் மறக்கல.

— ஒரு கிழவி போன் பண்ணி, ‘சத்தம் நல்லா வருது தம்பி, கர்த்தர் இன்னும் வெளிச்சத்தைச் சிருஷ்டிக்கலியா’ன்னு கேட்டாளே!

— அவதான்யா நம்ம டோன்யா டென்சா. அவதான் முதல் நேயர்.

— அட, அவளா! நல்லவேளை ஞாபகப்படுத்தினே. இல்ல, கேக்கறேன், அந்தம்மாவுக்கு எத்தனை பித்தப்பை இருக்கு?

— ஏன்?

— போன கோடையிலதானே எடுத்தாங்க? பிழைச்சு வந்து கேமரா முன்னால சாட்சியெல்லாம் சொல்லிச்சே. நேத்து டிவியில ஜெப விண்ணப்ப நேரத்துல நீ மறுபடி வாசிக்கறே: ‘சகோதரி டென்சாவின் பித்தப்பை அறுவைக்காக ஜெபிப்போம்’னு. நானும் கண்ணை மூடி ஜெபிச்சேன். அப்புறம் யோசிச்சேன், இல்லாத உறுப்புக்கு எப்படி ஜெபிக்கறதுன்னு.

— அதை விடு. பழைய சீட்டு எதுவோ கலந்திருக்கும்.

— மழையும் அப்படித்தான். இங்க தெருவெல்லாம் தண்ணி. உங்க பக்கம் பெய்யலியா? நீ பாட்டுக்கு விசிறிக்கிட்டே, ‘இந்த வெயில்ல வீட்டுக்குள்ள இருக்கும் முதியவர்களை நினைப்போம்’ங்கறே.

— ஸ்டூடியோவுல விளக்கு சூடுய்யா. நீ மாட்டினதுதானே?

— ஆனா அழகா இருந்தே. கொஞ்சம் சதை போட்டிருக்கே. அந்த மஞ்சள் சட்டை, சிலுவைக் கம்மல். முடியை வேற வெட்டிக்கிட்டியே, எங்கிட்ட சொல்லவே இல்ல?

— கிழவா...

— முப்பத்தஞ்சு வயசுல கிழவனாம். சரி, கூப்பிடு. கேக்க நல்லாருக்கு.

— தினமும் விடாம பாக்கறியா?

— என்ன கேள்வி இது? சைலன்சர் கடையில ஓவர்டைம் குடுத்தாகூட நிக்கறதில்ல. வந்து கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிட்டு உக்காந்துடுவேன். நீ கடைசில, ‘திரையில் கையை வையுங்கள்’னு சொல்லிக் கேமராவைப் பாத்துக் கையை நீட்டுவே பாரு, அதுக்குத்தான் காத்திருப்பேன். இந்த டிவி சின்னது. முழுக் கையை வச்சா உன் மூஞ்சி மறைஞ்சிடுது. அதனால விரல் நுனியை மட்டும் வைப்பேன். சுர்ருன்னு ஒரு கரண்ட் இழுக்கும். மத்தவங்களுக்கு அது பரிசுத்த ஆவி. எனக்கு நீ.

— உனக்குத்தான்யா நீட்டறேன்.

— என்னது ராணி? லைன் இருக்கா?

— இருக்கேன்.

— அங்க என்ன அவ்வளவு இரைச்சல்? பாஸ்டர் வீட்டு போன் இல்லியா இது?

— இல்ல. துணி துவைக்கற எடத்துலேருந்து பேசறேன். பின்னால வரிசையில நிக்கறாங்க.

— சரி, சீக்கிரம் சொல்லு. என்னைக்குத் திருப்பறாங்க?

— நாளைக்கு. விண்ணப்ப நேரம் முடிஞ்சதும் ஏறுவாங்க.

— நாளைக்கேவா! கேளு, கேளு. மேல நாலு போல்ட் இருக்கும். மேற்குப் பக்கத்துப் போல்ட் நான் இருக்கும்போதே துரு ஏறிடுச்சு. ஏறப் போறவன்கிட்ட பாஸ்டரம்மா மெதுவா ஒரு வார்த்தை சொல்லட்டும். நல்லா இறுக்க வேண்டாம், சும்மா வச்சுட்டு எறங்குப்பான்னு. வளைகுடாப் பக்கத்துலேருந்து ஒரு காத்து அடிச்சா அது தானா தெற்கே திரும்பிடும். காத்தை எவன் பிடிச்சு ஜெயில்ல போடுவான்?

— யோசிக்காம இருப்பேனா? நானும் கேட்டேன். கம்பத்தையே மாத்தறாங்களாம். புதுக் கம்பம்.

— என் கம்பத்தை எடுக்கறாங்களா?

— ஆமாய்யா.

— ...சரி. சரி. அப்ப நாளைக்கு ஒரு நாள்தான். நான் சொல்றதைச் செய். கல்யாணத்தன்னிக்கு ராத்திரி போட்டியே, அந்தப் பச்சை கவுன், அதைப் போட்டுக்க. பிடிக்கலேன்னா என் பழைய சட்டையைக் கூடப் போட்டுக்க, எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைங்களைப் பக்கத்துல நிறுத்து. ஹைரோ நெளிவான், மடியில வச்சுக்க. சீட்டு எல்லாத்தையும் மெதுவா வாசி. கையை நீட்டினா உடனே எடுக்காதே. பாஸ்டர் இருமினாலும் எடுக்காதே.

— நாளைக்கு நம்ம அபிகாயில்தான் வாசிப்பா.

— அபிகாயிலா? சின்னப் பொண்ணு, திக்குவாளே. நீ எங்க போறே?

— பாஸ்டரம்மா பழக்கி விட்டிருக்காங்க. திக்கல. நேத்து போன்ல எனக்கு முழுசும் வாசிச்சுக் காட்டினா.

— உனக்கு எதுக்குப் போன்ல? ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?

— அதை விடு.

— ஒராலியா. கடைசி நாளும் அதுவுமா என் முன்னால உக்கார உனக்கு அப்படி என்ன வேலை? இல்ல, கேக்கறேன். எங்கிட்ட எதை மறைக்கறே?

— டென்சாவோட பித்தப்பை ஒண்ணுதான்யா. நீ நேத்துப் பாத்தது போன கோடையோட டேப்பு.

— என்னது?

— வெள்ளிக்கிழமையிலேருந்தே பழைய டேப்பைத்தான் போடறாங்க. உனக்குத் தெரிஞ்சா ஆத்துல குதிச்சு நீந்தி வந்துடுவே, செத்துப் போயிடுவியேன்னு நான்தான் பாஸ்டரம்மாகிட்ட கெஞ்சிக் கேட்டேன். முடியும் வெட்டல, சதையும் போடல. அது போன வருஷத்து நான்.

— வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?

— ஓட்டல் வேலையில படுக்கை விரிச்சுக்கிட்டிருந்தோம். குடியேற்றப் போலீசு, அந்த மிக்ராக்காரங்க, ரெண்டு வாசல்லயும் வந்து நின்னாங்க. எந்தப் பக்கமும் ஓட முடியல. அதனாலதான் உன்கிட்ட ஆன்டெனாவை முதல்ல சொன்னேன். சின்ன அடியைத் தாங்கினா பெரிய அடியையும் தாங்குவேன்னு பாத்தேன்.

— அப்ப இந்த இரைச்சல்...

— இந்த வரிசையில நிக்கற யாரும் துணி துவைக்க வரலய்யா.

— ஐயோ, ராணி.

— அழாதே. சாயோ பாக்கறாங்க.

— பாக்கட்டும்! பிள்ளைங்க? பிள்ளைங்களை இங்க கூட்டிட்டு வந்துடுவோம். நான் எப்படியாவது...

— எப்படி? ஹைரோவுக்கு மூச்சு மருந்தே அந்த ஆஸ்பத்திரியிலதான். அவங்க அங்கதான் பிறந்தாங்க, அங்கதான் இருந்தாகணும். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை பாஸ்டரம்மா பாலத்துல கூட்டிட்டு வருவாங்க. உன்கிட்ட கூட்டிட்டு வந்த மாதிரியே. நடுவுல பாக்கறதுக்கு அந்த ஆன்டெனா ஒண்ணு இருந்துச்சு.

— கர்த்தரே! நான் என்ன செய்யட்டும்? எதையாவது செய்யச் சொல்லு ஒராலியா. எதையாவது.

— டிவியைத் தொடைச்சு வை. நாளைக்கு மத்தியானம் என்னைப் பாலத்துல எறக்கி விடறாங்க, நேரா வீட்டுக்குத்தான் வருவேன். சாயங்காலம் நம்ம பொண்ணு கையை நீட்டுவா. டிவி சின்னதுன்னு சொன்னியே, கிழவா, உன் விரலைக் கொஞ்சம் ஓரமா வை, எனக்கும் இடம் வேணும்.