படங்களுக்காகக் கட்டிய வீடு

காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் மண்டியிட்டுக் காங்கிரீட் தேய்த்த முழங்கால். மடக்கினால் உயிர் போகிறது. முதல் படத்தை வாங்கப் போனபோது சட்டைக் கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. கடைக்காரன் என்னைக் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்தான். ஆட்டுரோமம் கத்தரிப்பவர்கள், சாலைக்குக் கல் உடைப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள். உழைக்கிறவர்களைத் தீட்டிய படங்களைத் தவிர வேறு எதையும் நான் வாங்கியதில்லை. கட்டிலுக்கடியிலும் இடமில்லாமல் போன பிறகுதான் இந்த வீட்டைக் கட்டினேன்.

வரைபடம் போட வந்த சாஸ்கியா சமையலறையிலிருந்து ஆரம்பித்தாள். படங்களிலிருந்து ஆரம்பி என்றேன்.

"அப்ப படுக்கை எங்க லெஸ்?"

"மிஞ்சுன இடத்துல போடு."

பூமியின் இந்தத் தென்பாதியில் வடக்கு வெயில்தான் சாயத்தைத் தின்றுவிடும், நீள ஹாலுக்கு ஜன்னல் வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அடுத்து நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். காட்டுத்தீ ஏறும் சரிவு என்பதால், மழைநீர்த் தொட்டியில் ஒரு பங்கைத் தீயணைப்பு வண்டிக்கென்று எப்போதும் ஒதுக்கி வைக்கவேண்டும்; வண்டிப்பாதை ஓரத்தில் அதற்கென்று தனிக் குழாய் வேண்டும். வைத்தேன். அந்தக் குழாய்க்குப் பின்னால், மண்ணுக்குள், இன்னொரு வால்வும் வைத்தேன். அது வரைபடத்தில் இல்லை.

என் கூரையின் தெளிப்பான்களுக்கும் அதே தொட்டிதான். தீ நேரத்தில் கூரை காய்ந்தால் ஏசிக் காற்றுக்குழாயின் ரப்பர் உருகும், புகை உள்ளே படங்கள்மேல் ஏறும். இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

சரிவுக்குக் கீழே மெர்வ் இருந்தான். ரோமம் கத்தரித்து ஓய்ந்தவன். மாலையில் பீர் பாட்டிலோடு ஏறி வருவான். என் ஹாலில் ஒரே ஒரு வெண்கலச் சிலை, கை நீட்டி நிற்கும் சுமைகாரன். வந்ததும் தன் தொப்பியை அந்தக் கையில் மாட்டுவான்.

"தொப்பிய எடு மெர்வ். அது சிலை."

"சும்மா நீட்டிக்கிட்டு நிக்கிற கைதானே, கொஞ்சம் வேல செய்யட்டுமேடா. ஆமா, படத்துக்கு ஏசி போட்டிருக்க, மனுசனுக்கு ஒரு சன்னல் வைக்கலியே? இது வீடா, கறிக்கடைக் குளிர் அறையா?"

கத்தரிப்பவன் படத்தின் முன்னால் நின்று சொல்வான்: "இதுக்கா இவ்வளவு காசு குடுத்த? ஒரு பீரு குடுத்திருந்தா நானே நாள் பூரா குனிஞ்சு நின்னிருப்பேனே."

அவன் தொப்பியின் வேர்வைக் கறை வெண்கலத்தில் ஏறிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் படங்களை நின்று ஒழுங்காகப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் என்னை அரித்தது.

அந்தப் பிப்ரவரிக் கோடையில் வடகாற்று தீயைக் கொண்டுவந்தது. முதலில் மெர்வின் குதிரை லாயம் பிடித்தது. ஊர்த் தொண்டர்களின் தீயணைப்பு வண்டி அங்கே தன் தண்ணீர் முழுவதையும் கொட்டித் தீர்த்துவிட்டு, நிரப்பிக்கொள்ள என் பாதையில் ஏறியது. புழுதி தெரிந்ததும் நான் போய் மண்ணுக்குள் இருந்த வால்வை மூடினேன். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் போதும்.

தலைவி ப்ரோன்வின் இறங்கினாள். ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். குழாயைத் திறந்தாள். நாலு சொட்டு விழுந்து நின்றது.

"என்ன லெஸ் இது, காலியா?"

"காலிதாம்மா. எல்லாம் கூரைக்கே போயிருச்சு."

"ஐயோ, மெர்வ் வீட்டுக் கூரைமேல ஹோஸோட நிக்கிறான்யா. எறங்குடான்னா கேக்க மாட்டேங்கிறான். 'லெஸ் தொட்டி இருக்கு, நெரப்பிட்டு வாங்க, அதுவரைக்கும் நான் புடிச்சுக்கிறேன்'னு சொல்றான்."

"நான் என்னம்மா செய்ய."

தகரத் தொட்டியாக இருந்தால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். என்னுடையது காங்கிரீட், பாதி மண்ணுக்குள். இருந்தும் விரல் முட்டியால் ஒருமுறை தட்டினாள். பிறகு வண்டியை ஆற்றுக்குத் திருப்பினாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மெர்வின் கூரை உள்ளே விழுந்துவிட்டது. அவனும் அதோடு போய்விட்டான்.

தொட்டி காலி என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் முதலில் சொன்னேன். அது பொய். தீ தாண்டிப் போன பிறகு மூடியைத் தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. வால்வை மூடியது நான். அவன் கூரைமேல் நிற்கிறான் என்று கேட்ட பிறகும் திறக்காதது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

படங்கள் பத்திரம். ஒன்றில்கூடப் புகை ஏறவில்லை, போய்ப் பாருங்கள். உழைக்கிறவர்களை இந்த ஊரில் வேறு யார் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

மற்றபடி நான் யாருக்கும் பாக்கி வைக்கிறவன் இல்லை. மெர்வுக்கு ஒரு வண்டித் தண்ணீர் தரவேண்டும். அது மட்டும்தான் பாக்கி.