இந்த மாதம் நான் ரசித்த புத்தகங்கள்

நான் நின்றுகொண்டே பேசுகிறேனே சார். கொஞ்ச நாளாக ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் கை போனைத் தேடுகிறது. எடுத்துப் பார்த்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃப்ளெக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவேன். அது பிழைப்பு. ஆனால் நான் எழுத்தாளன். இரண்டு நாவல்கள் எழுதி, எந்தப் பதிப்பகமும் பதில் போடாததால் நானே அச்சிட்டேன். அதனாலேயே என்னைப் போலச் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். மாதாமாதம் என் ஃபேஸ்புக் பக்கத்தில் 'இந்த மாதம் நான் ரசித்த புத்தகங்கள்' என்று எழுதுவேன். எல்லாம் தனியாக நின்று எழுதுகிறவர்களுடையவை. வந்தவாசியில் கொரியர் கொடுக்கிற ஒருவர், திண்டிவனத்தில் ஒரு நர்ஸ், இப்படி. முழுதாகப் படித்து, பிடித்தால் மட்டும்தான் எழுதுவேன். பிடிக்காததைப் பிடித்ததாக ஒரு நாளும் எழுதியதில்லை. என்னைப் பற்றி என்ன எழுதினாலும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர்களில் யாரும் என் நாவல்களைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கை கூப்புகிற படம் ஒன்றை அனுப்புவார்கள், அதோடு சரி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை. பதிவு போட்ட அன்று மட்டும் கடையில் இருப்புக் கொள்ளாது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடப்பேன், யாராவது எங்காவது என் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா என்று போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு.

அன்புக்கரசி தை மாதத்தில் கடைக்கு வந்தாள். அனந்தபுரம் பக்கம். வீட்டுக்காரன் பிரசாந்த், நெல் அறுக்கிற மெஷின் வைத்து ஓட்டுகிறவன். அந்தக் குடும்பம் எனக்கு முன்பே பழக்கம். அதற்கு முந்தின வருஷம் பிரசாந்தின் தங்கை ரஞ்சனி இறந்தபோது பேனர் அடித்தது நான்தான். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும்போது பாம்பு கடித்துவிட்டது என்றார்கள்.

அன்புக்கரசி ஒரு முழு நாவலைப் போனிலேயே தட்டி வைத்திருந்தாள். 'தும்பை' என்று ஒரு புனைபெயர்.

"அண்ணா, இத புத்தகமா பண்ணி ஆன்லைன்ல ஏத்திக் குடுப்பீங்களா? எம் பேரு மட்டும் எங்கியும் வரக்கூடாது."

"ஏம்மா?"

"கததாண்ணா. இருந்தாலும் வேணாம்."

பக்கம் அமைப்பதற்காகப் படித்தேன். வேலைக்குப் போன இடத்தில் ஒருவனை விரும்பிய பெண் ஒருத்தி. அண்ணன்காரன் அவளைப் பிடித்து வைத்துப் பூச்சிமருந்தை வாயில் ஊற்றுகிறான். அண்ணி அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால், தன் குழந்தை கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். விடிந்ததும் ஊருக்குப் பாம்பு என்று சொல்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பது மட்டும் பத்துப் பக்கம் போகிறது. என் இரண்டு நாவல்களிலும் தேடினாலும் அப்படி ஒரு பக்கம் கிடைக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதே ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். அவள் கதை என்று சொன்னாள் சார். கதையைக் கதையாகப் படிப்பதுதான் வாசகனுக்கு அழகு.

மாசி மாதம் அதைப் பரிந்துரைத்தேன். ஊர், பெயர் எதுவும் இல்லாமல், நல்ல புத்தகம் என்று மட்டும். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த பதிவு அதுதான். கோயம்புத்தூரிலிருந்து, துபாயிலிருந்து எல்லாம் கேட்டார்கள், யார் இந்தத் தும்பை என்று. இதை எடுத்துச் சொன்ன நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவளிடம் என் நாவலைக் கொடுத்து, அந்தப் புனைபெயரிலேயே நாலு வரி எழுதச் சொன்னேன். நியாயமான எதிர்பார்ப்புதானே? சில நாள் கழித்துப் புத்தகத்தை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தாள்.

"படிச்சங்கண்ணா. தப்பா நெனச்சிக்காதீங்க. அதுல யாருமே உசுரோட இல்லாத மாரி இருக்குது. என்னால பொய் எழுத முடியலண்ணா."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. டீ சொன்னேன், குடித்துவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு அச்சுக்குப் போக வேண்டிய ஒரு பேனரில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். எனக்கு அப்படியெல்லாம் ஆகாது.

சித்திரையில் மறுபடியும் அவள் புத்தகத்தைப் பரிந்துரைத்தேன். ஒரே புத்தகத்தை இரண்டு முறை பரிந்துரைப்பது என் வழக்கமில்லை, ஆனால் அதற்கு அந்தத் தகுதி இருந்தது. இந்த முறை விரிவாக எழுதினேன். புத்தகத்தை அதன் மண்ணோடு சேர்த்துச் சொல்வதுதான் நல்ல பரிந்துரை. எழுதியவர் அனந்தபுரத்துக்காரர், வாசலில் அறுவடை மெஷின் நிற்கிற வீட்டிலிருந்து எழுதுகிறார், அந்தப் பெண்ணைப் பாம்பு கடிக்கவில்லை என்று செஞ்சி வட்டாரத்துக்காரர்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று எழுதினேன். இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. மெஷின்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். அவர்களுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த பழக்கத்தில் என்னைச் சேர்த்து வைத்திருந்தார்கள். புத்தகமே படிக்காதவர்கள். அவர்களையும் படிக்க வைக்க வேண்டும் அல்லவா.

அவள் போன் செய்தாள்.

"அண்ணா, அத எடுத்துடுங்கண்ணா. அவரு இன்னும் பாக்கல. பாத்துட்டாருன்னா அவ்ளோதாண்ணா."

"எடுத்துடறேம்மா. டென்ஷன் ஆவாத."

எடுக்கவில்லை. பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி மேலே நிறுத்தி வைத்தேன்.

அமாவாசை அன்று பிரசாந்த் கடைக்கு வந்தான். மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு வாசல் வரை கூட்டம். அதை இடித்துக்கொண்டு உள்ளே வந்து போனை நீட்டினான்.

"நைனாரே, இன்னா இது? எவன் எழுதினது?"

"புத்தகம்பா. நல்லா எழுதியிருக்காங்க."

"எங்க வூட்டு விசயம் அவனுக்கு எப்பிடித் தெரியும்? பேரச் சொல்லு."

"பேர வேணாம்னு கேட்டுக்கிட்டவங்க பேர நான் சொல்ல மாட்டேன் பிரசாந்த். அது தப்பு."

அவன் போகவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நீ வேணா வீட்ல கேட்டுப் பாரேன்."

நம் பக்கத்தில் வீட்ல என்றால் வீடும்தான், பெண்டாட்டியும்தான். அவன் எதை எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். போனைப் பையில் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தேன், முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தபோது வீட்டில் இலை போட்டிருந்தார்கள். நைனார் என்று ஊர் கூப்பிடுகிற எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம், இருட்டில் பூச்சி ஏதாவது சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அவளுக்கும் பேனர் என் கடையில்தான். இருந்த படங்களிலேயே அவள் சிரிக்கிற படமாகப் பார்த்துப் போட்டேன். அன்றைக்கே என் பக்கத்தில் தும்பை யார் என்பதையும் எழுதினேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். படித்தவர்கள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து உங்களுக்குப் புகார் அனுப்பினார்கள், நீங்கள் பிரசாந்தைப் பிடித்தீர்கள். அவள் புத்தகம் இப்போது சென்னையில் ஒரு பெரிய பதிப்பகத்தில் வரப்போகிறதாம்.

என்னை நீங்கள் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். 'புத்தகத்தைக் கணினியில் ஏற்றிக் கொடுத்த கடைக்காரர்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இல்லை, அதையும் சரியாகவே சொல்லிவிடுகிறேன். அவள் இன்னொரு புத்தகம் எழுதக் கூடாது என்று நினைத்தேன். வாயைத் திறக்கும் பெண்ணை அந்த வீட்டில் என்ன செய்வார்கள் என்பதை நான் அவள் புத்தகத்திலேயே படித்திருந்தேன்.

பிரசாந்த் ஆத்திரத்தில் தள்ளினான். அவனுக்கு அவ்வளவுதான் வரும். எந்த வரியை எழுதுவது, யார் கண்ணில் படவைப்பது, எந்தச் சொல்லைக் கடைசியாகச் சொல்வது என்று உட்கார்ந்து யோசித்துச் செய்தது நான். ஆனால் பேப்பரிலும் டி.வி.யிலும் அவன் பெயர்தான் வருகிறது. ஒரு இடத்தில்கூட என் பெயர் இல்லை. முதல் குற்றவாளி என்ற இடத்தில் விமலநாதன் என்று போடுங்கள் சார். முன்னால் எழுத்தாளர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.