ஆடாத ஸ்டீயரிங்

ஒரகடத்தில் காலை ஷிப்ட் முடிந்து குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். "வண்டி ஆடவே இல்லண்ணே. ஆடுதுன்னு சும்மா சொன்னேன்" என்று இளையவன் சொன்னது காதில் விழுந்தது. பேச்சில் திருநெல்வேலி வாடை.

மற்றவர் உள்ளூர்க்காரர். "இன்னாத்துக்குப்பா அப்டி சொன்ன?"

"பழைய கார் ஒண்ணு வாங்குனேம்லா. அதுல இருந்த கம்பெனி வீல கழட்டிட்டு ஒரு கடையில அலாய் வீல் போட்டேன். அன்னைக்கு அந்தக் கடைக்காரரு டீ வாங்கிக் குடுத்து, எந்த ஊரு, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதன்னு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு."

"செரி."

"அடுத்த ஞாயித்துக்கெழம ரூம்ல யாருமில்ல. புது வீலு போட்டதுலேருந்து ஸ்டீயரிங் ஆடுதுன்னு சொல்லி மறுபடி போனேன். பேசிக்கிட்டே நாலு வீலையும் கழட்டிப் பேலன்சிங் பாத்தாரு. பொறவு வாராவாரம் போனேன்."

"அவுரு கண்டுபுடிக்கலையா?"

"நேத்து, கடையில கெடந்த என் பழைய வீலையே எடுத்து மாட்டிட்டாரு. 'என் வேலையிலதான் ஏதோ தப்பு கீது தம்பி, மன்னிச்சுக்கோ'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாருண்ணே."

உள்ளூர்க்காரர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். "போயி உண்மைய சொல்லிடுப்பா. பாவம், அவுரு தொழிலாச்சே."

"சொல்லணும்ணே. சொல்லிட்டா, பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போவேன்?"

பஸ் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, உங்க ஸ்டாப்பு" என்றார்.

"நீ எடுப்பா, நான் அப்பால எறங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.