இரண்டாம் முறை கலக்காத கிண்ணம்

சியா விதைப் புட்டிங்கில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். விதையைப் பாலில் கொட்டி, ஒரு சுற்றுக் கலக்கி, மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விதை அடியில் போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே தண்ணீராகப் பால், கீழே கட்டி. அந்தக் கட்டியின் நடுவில் விதை நனையாமலே இருக்கும். பால் லேசாகக் கெட்டிப்படத் தொடங்கும் நேரம் பார்த்துத் திரும்பி வந்து, அடிவரை இன்னொரு முறை கலக்க வேண்டும். அதைச் செய்தால் போதும், மீதியைச் சியாவே பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்டது இது இல்லை, நயேலி. தெரியும். என் அக்கா ஏன் இப்படி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள் என்று கேட்டீர்கள். ஒரு வாய்த் தண்ணீரை நீங்கள் நீட்டியபோது அவள் ஏன் உதட்டை இறுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இப்படி அடுப்படியில் உட்காருங்கள். சன்னலைச் சாத்திவிடுகிறேன். வயலில் சியா அடிக்கிறார்கள், தூசி வருகிறது. அக்காவின் அறைக்கு நம் பேச்சும் போகாது.

எர்லிந்தாவை நீங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவள் சோளமும் கறியும் கொதிக்கும் பொசோலே விற்றதைப் பார்த்திருக்க வேண்டும். பூசை முடியும் முன்பே பாதி ஊர் அவளுடைய அண்டாவைச் சுற்றி நிற்கும். பாதிரியார் பசியில் பிரசங்கத்தைச் சுருக்கிவிடுகிறார் என்று கேலி பேசுவார்கள். அவளும் சும்மா இருக்க மாட்டாள். கரண்டியை ஓங்கிக்கொண்டு, "ஏம்ப்பா, பாவமன்னிப்புக் கேக்க இவ்ளோ வேகமா ஓடுனியா நீ? கறின்னா மட்டும் காலு நிக்க மாட்டேங்குது" என்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டவனே முதலில் சிரிப்பான்.

என் வேலை அண்டாவுக்குப் பின்னால். சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்து, தோல் உரித்து, ஒவ்வொரு மணியின் நுனியையும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளினால்தான் வேகும்போது மணி பூப்போல விரியும். அந்தப் பூவைப் பார்த்து எல்லோரும் எர்லிந்தாவின் கையைப் புகழ்ந்தார்கள். என் பெயர் ஓத்தீலியா என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எர்லிந்தாவின் தங்கை, அவ்வளவுதான்.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகச் சமைத்தேன். ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அக்கா போர்வையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க சாமிகளா, இன்னிக்கு என் தங்கச்சி சமையல். அவ கை பட்டா மிளகாகூடத் தூங்கிப்போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்டாவில் மிஞ்சிய நல்ல கறித்துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுடைய பையன் பிழைப்புத் தேடி வடக்கே எல்லை தாண்டிப் போன பிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் எனக்கு ஏதோ கொடுமை செய்தாள் என்று நீங்கள் எனக்காக ஒரு காரணம் தேடக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு அவளுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தண்ணீர் குடித்தால் நெஞ்சுக்குள் போய் இருமினாள். விழுங்கும் பயிற்சிக்கு அவளைக் கூட்டிவந்தபோது நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஸ்பூனைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக நழுவி விழ வேண்டும். ஒழுகவும் கூடாது, ஸ்பூனில் ஒட்டவும் கூடாது, கட்டி இருக்கவே கூடாது என்றீர்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சியாவை நைசாக அரைத்தேன். வெதுவெதுப்பான பாலில் தூவித் தூவிக் கலக்கினேன். பட்டை போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகும், விதை வடித்த கொய்யாக் கூழும் சேர்த்தேன். கலக்கினேன், காத்திருந்தேன், மறுபடி கலக்கினேன், சல்லடையில் தேய்த்து எடுத்தேன். அடுத்த முறை நீங்கள் வந்தபோது ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வாய் நீங்களே சாப்பிட்டீர்கள்.

"ஓத்தீலியாம்மா, இவ்வளவு பதமா நான் எங்கயும் பாத்ததில்ல. ஆஸ்பத்திரியில எங்களுக்கே வராது இது" என்றீர்கள்.

என் சமையலை யாரும் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்களுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சாக இருந்திருக்கும்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை. பக்கத்து வீட்டு சொக்கோரோ தன் மாமனாருக்காகப் பக்குவம் கேட்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். "ஓத்தீலியா வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். உள்ளே அக்கா தலையணையில் சாய்ந்து, என் காலடிச் சத்தம் கேட்டதும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஊரையே அடக்கி வைத்திருந்த வாய் அது. என் ஸ்பூனுக்காகத் திறந்திருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனை நாள். அக்காவைச் செவிலி உள்ளே உடை மாற்ற அழைத்துப் போயிருந்தார். நீங்கள் வராந்தாவில் என் தோளைத் தொட்டுச் சொன்னீர்கள்: "நல்ல செய்தி. தொண்டை நல்லாத் திரும்பிருச்சு. இனி மெதுவாச் சாப்பாட்டுக்கு மாத்தலாம். தோர்த்தியா ரொட்டியச் சாறுல ஊற வச்சுக் கொடுங்க. கொஞ்ச நாள்ல பொசோலேவே சாப்பிடுவாங்க."

சரி என்றேன். உங்களுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பேருந்தில் அக்கா கேட்டாள், "என்னடி சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"இன்னும் கொஞ்ச நாள் இதேதான் குடுக்கணுமாம்க்கா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. மறுநாள் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் புட்டிங் மிக நன்றாக அமைந்துவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நீங்கள் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், நன்றாகச் சாப்பிடுகிறாள், பயணம்தான் அவளுக்கு ஆகவில்லை என்றேன். உங்களுக்கு ஆயிரம் நோயாளிகள். நம்பினீர்கள். அதில் உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் அக்கா முட்டாள் இல்லை. தன் தொண்டை தனக்குத் தெரியாதா? எச்சிலை விழுங்கிக் காட்டினாள். கையால் கழுத்தைத் தடவி, "இங்க பாரு, போகுது. பாதை திறந்துருச்சுடி. எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கொழகொழ? இதையே தின்னா நான் தவளை மாதிரி முட்டைபோட ஆரம்பிச்சிருவேன்" என்றாள்.

சொக்கோரோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "சொக்கோரோ, நாளைக்கு உங்க வீட்டுல பொசோலேதானே? சாறு மட்டும் ஒரு கிண்ணம் கொண்டா. ஓத்தி செஞ்சதா இருந்தா வேணாம், நீ செஞ்சது. இந்தத் திருவிழாவுக்கு நான் அண்டா வைக்கிறேன் பாரு. தங்கச்சி, நீ நகத்தை வளக்க ஆரம்பி."

சொக்கோரோ கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம், சொக்கோரோ வருவதற்கு முன்பே நான் அக்காவுக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். அன்றைக்கு விதையை அரைக்கவில்லை. ஒரு முறைதான் கலக்கினேன். சல்லடையில் தேய்க்கவில்லை. மேலாக இருந்ததை முதலில் கொடுத்தேன். பிறகு அடியிலிருந்து எடுத்தேன்.

கை மறந்துவிட்டது என்றுதான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். வேலை அதிகம், வயதாகிறது, யாருக்கும் வருவதுதானே என்று. ஆனால் கிண்ணத்தை எடுத்துப் போவதற்கு முன் நான் அவளுடைய நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். முதுகில் தட்ட இடம் வேண்டுமே என்று. துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். மறந்தவள் அதையெல்லாம் செய்ய மாட்டாள்.

கட்டி தொண்டையில் அடைத்ததும் அவள் முகம் எப்படி மாறியது என்று சொல்ல என்னால் முடியவில்லை. கண்கள் மட்டும் என்மேல் இருந்தன. குனியவைத்தேன், தட்டினேன், விரலை விட்டுக் கட்டியைத் தோண்டி எடுத்தேன். அதையும் நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். சொக்கோரோ சாற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நுழைந்தவள் அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூச்சு திரும்பியதும் அக்கா என் கையை விடவில்லை.

"நீ இல்லேன்னா போயிருப்பேன்டி" என்றாள். "கூழுக்கே இந்தக் கதின்னா, சாறு குடிச்சிருந்தா?"

"அதான் வேணாம் வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

அன்றோடு அவள் பொசோலே கேட்பதை விட்டாள். ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்தேன்.

இல்லை. அது சரியில்லை. உங்களிடம் சொல்ல உட்கார்ந்துவிட்டுப் பாதியை மறைத்தால் என்ன பிரயோசனம்? பயம் நாளாக நாளாகத் தேய்ந்துவிடும். திருவிழா மேளம் தெருவில் போனபோது அவள் சொக்கோரோவிடம் ஒரு விள்ளல் ரொட்டி கேட்டாள், எனக்குத் தெரியாமல். சொக்கோரோ என்னிடம் வந்து, கொடுக்கலாமா என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கும் கிண்ணத்தை ஒரு முறைதான் கலக்கினேன். அதற்குப் பிறகு ஒரு முறை, அவளுடைய பையன் தொலைபேசியில் பேசிவிட்டு, ஊருக்கு வருகிறேன், அம்மாவைக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சொன்ன வாரம். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. யார் எதை நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். என் கையால் மட்டும் வாங்கினாள். அதுவும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு ஸ்பூன் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். பையன் வந்து பார்த்தான். அம்மாவை அசைக்கக்கூட முடியாது என்று நினைத்து அழுதுவிட்டுப் போனான். போகும்போது என் கையில் முத்தமிட்டான்.

அவள் இளைப்பதை நான் பார்க்காமல் இல்லை. தேங்காய்ப் பால் சேர்த்தேன், பாதாம் அரைத்துச் சேர்த்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு கிண்ணமும் சுத்தமாக, கண்ணாடிபோல, ஒரு கட்டிகூட இல்லாமல் செய்கிறேன். நீங்கள் வேண்டுமானால் பாருங்கள், அதோ மூடி வைத்திருக்கிறேன். அவளால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாய்க்கும் அவளுக்கு வியர்க்கிறது.

எனக்குத் தாங்காதது அது இல்லை. போன மாதம் ஒருநாள், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அழ ஆரம்பித்தாள். "ஓத்தி, ஊருக்கு நடுவுல வச்சு உன் சமையலச் சப்புன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அந்த மிளகாப் பேச்சு. நீ சிரிச்சே. ஆனா உன் காது செவந்துபோச்சு, நான் பாத்தேன். பாத்துட்டும் பேசினேன். அந்தக் கைதான் இன்னிக்கு என்னைக் காப்பாத்துது. என்னை மன்னிச்சிரு தங்கம்."

நான் சீப்பைக் கீழே வைக்கவில்லை. "மன்னிச்சுட்டேன்க்கா" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். மன்னிக்கிறவளாக இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நினைத்தால், யாருமில்லாத அறையில்கூட முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. பாவமன்னிப்புக்குப் போனேன். கூண்டின் முன் மண்டியிட்டு, பொறாமை என்று ஒரு வார்த்தை சொன்னேன். பாதிரியார் எல்லோருக்கும் சொல்லும் செபத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் என் கையால் புட்டிங் வாங்கிச் சாப்பிட்டவர்தான்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. ஆஸ்பத்திரி வண்டியாகத்தான் இருக்கும். கூட்டிப்போங்கள், நான் தடுக்கவில்லை. பையனுக்கும் சொல்லுங்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் இங்கேயே இருப்பேன். எர்லிந்தாவின் தொண்டையில் எந்தக் குறையும் இல்லை. அவளைச் சாப்பிட விடாமல் செய்தது நான். தெரிந்தே, யோசித்து, மூன்று தடவை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டியில் வைத்து அவளிடம் சொல்லாதீர்கள். முதலில் என்னை உள்ளே போகவிடுங்கள். நயேலியிடம் பயப்படாமல் வாயைத் திற என்று நான் சொன்னால்தான் அவள் திறப்பாள். உங்கள்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை, சொக்கோரோமேல் இல்லை, பெற்ற பையன்மேலேயே இல்லை. நான் என்னவோ செய்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை இருக்கிறதே, நயேலி, அதை மட்டும் நான் இந்த நாள்வரை கெடுத்ததே இல்லை.