சாக்பீஸ் போட்ட அலமாரி

அதுல கைய வைக்காதீங்கம்மா. மத்த எதுல வேணாலும் வைங்க. கட்டிலப் பாருங்க, மேசையப் பாருங்க, அந்தக் கண்ணாடி வச்ச அலமாரியத் திறந்து பாருங்க, சத்தமே வராது. இந்த அலமாரி மட்டும் வேணாம். இது விக்கிறதுக்கு இல்ல.

அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா? யார்கிட்ட? என் பொண்டாட்டிகிட்டயா? காலையில நான் ஒரு வீட்டுல பழைய சாமான் பார்க்கப் போயிருந்தேன், அப்பவா. ம். சரி, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. வண்டிக்காரரை எஞ்சினை அணைச்சுட்டு நிக்கச் சொல்லுங்க. ஏத்துறதப் பத்தி அப்புறம் பேசலாம்.

அவ எங்கயா? பொண்ணைக் கூட்டிட்டு வரப் பள்ளிக்கூடம் போயிருக்கா. வழக்கமா போக மாட்டா, பொண்ணு தானா நடந்து வந்துடும். இன்னைக்குன்னு பார்த்து, இந்த நேரத்துல, கடையை என் தலையில கட்டிட்டுப் போயிருக்கா. நீங்க வருவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. வந்துடுவா. வர்ற நேரம்தான்.

சாக்பீஸ் எங்க போட்டிருக்கா? பின்பக்கமா? கொஞ்சம் தள்ளுங்க. ஆமா, அவ போட்ட பெருக்கல் குறிதான். நான் போட்டா ரெண்டு கோடும் சமமா இருக்கும். அவ போட்டா ஒரு கால் நீளமா இழுத்துக்கிட்டுப் போகும். இங்க நான் ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தேன். ஈரத்துணியால தொடைச்சிருக்கா பாருங்க, தடம் இன்னும் இருக்கு.

விஷயம் என்னன்னா, நம்ம கடையில வட்டம் போட்டா விக்கிறதுக்கு இல்ல. பெருக்கல் போட்டா வித்தாச்சு. பெருக்கல் போட்டப்புறம் ராஜாவே வந்து நின்னாலும் கிடையாது. இந்தத் தெருவுல மத்த கடைக்காரன் காலையில உங்களுக்குத்தான்னு சொல்லுவான், சாயங்காலம் வேற ஆளுக்குத் தள்ளிவிட்டுட்டுப் பல்லைக் காட்டுவான். நம்மகிட்ட அது நடக்காது. சாக்பீஸ் போட்டா போட்டதுதான். நான் வச்ச சட்டம். அவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். கெட்டிக்காரி. என் கயித்தாலயே என்னைக் கட்டிப் போட்டுட்டா.

இருங்க, உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்றேன். இந்தப் பின்பலகையப் பாருங்க. ஓட்டை. எல்லாம் பூச்சி அரிச்சது. இதை வீட்டுக்குள்ள விட்டீங்கன்னா கட்டிலு, கதவு நிலைன்னு ஒண்ணும் மிஞ்சாது. என்ன? பூச்சி இப்படி வட்டமா, வரிசையா அரிக்குமான்னா கேக்குறீங்க? உங்க வீட்டுக்காரர் தச்சு வேலை பார்க்குறவரா? இல்ல, சும்மா கேட்டேன். சரி, பூச்சி இல்ல. மெஷின் வச்சுப் போட்டதுதான். காத்துப் போறதுக்கு. துணிமணிக்குக் காத்து வேணாமா.

உள்ள பாருங்க, தட்டே கிடையாது. நடுப்பலகை எல்லாத்தையும் கழட்டியாச்சு. துணி மாட்டக் கம்பியும் இல்ல. கொக்கி வேற வெளிப்பக்கம் இருக்கு, எந்த மடையன் வச்சானோ. அந்தப் போர்வையா? மரம் கீறாம இருக்கப் போட்டது. தலகாணியும் அதுக்குத்தான். ஏம்மா, இத்தனை வருஷத்துல என் சரக்கை நானே மட்டம் தட்டிப் பேசுறது இதான் முதல் தடவை. நீங்க என்னடான்னா அசையாம உக்காந்திருக்கீங்க. என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?

சிரிக்கிறீங்க. நல்லது. அந்தக் கண்ணாடி அலமாரிய எடுத்துக்குங்க. அதே காசுதான், மேல எதுவும் வேணாம். கூட ரெண்டு நாற்காலி போட்டுத் தர்றேன். போதாதா? அந்த மேசையும். நானே வந்து மாடியில ஏத்திக் குடுக்குறேன். இதுக்கு மேல குடுத்தா கடைச் சாவியத்தான் குடுக்கணும்.

சுவத்துக்கு அளவு எடுத்துட்டு வந்தீங்களா. இதுதான் பொருந்துமா. சரி. அளவைக் கொஞ்சம் மாத்துங்களேன். சுவரு எங்க ஓடிப் போகப் போகுது. இல்ல, நான் கத்தல. நான் ஏன் கத்தணும். ஒரு மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொல்றான், வேணாம் வேணாம்னு, காதுல வாங்காம அளவு, அளவுன்னா எப்படி. என் கடை. என் சாமான். நான் தர மாட்டேன்னா மாட்டேன், போங்க, யார்கிட்ட போய்ச் சொல்லணுமோ சொல்லுங்க.

இல்ல, எழுந்திருக்காதீங்க. உக்காருங்கம்மா. கோவம் மூக்கு மேல உக்காந்திருக்கு எனக்கு, பொறந்ததுல இருந்தே. அவ சொல்லித்தான் அனுப்பினாளா? அவர் சத்தம் போடுவார், நீங்க விட்டுக் குடுத்துடாதீங்கன்னா? அப்படியா சொன்னா. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறேன், வெயில் அடிக்குது. வெயில் இல்லியா? சரி, தூசி.

உங்களுக்கு என்னைத் தெரியாது. இந்தத் தெருவுல கறார் ஆளு யாருன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் குழந்தைகூடக் கையக் காட்டும். நாங்க வந்து இறங்கினப்ப மாத்துத்துணி கிடையாது, இந்த ஊர் பாஷையில ஒரு வார்த்தை கிடையாது. முகாம்ல தூக்கிப் போட்ட உடைஞ்ச ஸ்டூலை எடுத்துக் காலை ஒட்டவச்சு வித்தேன். அதான் ஆரம்பம். விரலைக் காட்டியே பேரம் பேசினேன். பாஷையே அப்படித்தான் வந்துச்சு, முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை கட்டாது, ரெண்டாவது வார்த்தை போய்ட்டு வாங்க. அதுக்கும் முன்னாடி, ஊரை விட்டுத் தப்பிச்சு வர்றப்ப, படகுக்காரன் என் பொண்டாட்டியையும் பிள்ளையையும் மட்டும்தான் ஏத்துவேன்னான். ஆளு பாறாங்கல்லு மாதிரி நிக்கிறான். நான் பேசினேன். அவன் வாயைத் திறக்குறதுக்குள்ள அடுத்ததப் பேசினேன். பேசிப் பேசியே காலைத் தூக்கிப் படகுல வச்சுட்டேன். பேரத்துல அதான் சூட்சுமம், பேச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா எதிராளி யோசிக்க ஆரம்பிச்சுடுவான்.

அடுத்த வாரம் நகராட்சி மண்டபத்துல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா. புதுசா வந்து இறங்கினவங்களுக்கு. எப்படி ஒரு ஊர்ல காலை ஊன்றதுன்னு நான் சொல்லணுமாம். மேடையில நாற்காலி போட்டு, மாலையெல்லாம் உண்டாம். அவகிட்ட சொன்னேன். சட்டையத் தேய்ச்சு வைக்கிறேன்னா.

மணி என்ன ஆச்சு? என் கடிகாரம் ஓடுது, சும்மா உங்களதைக் கேட்டேன். இன்னும் காணோமே இவளை.

வேர்க்குதா? எனக்கு எப்பவும் வேர்க்கும். தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான். வந்த புதுசுல நல்லாத்தான் தூங்கினேன், அதை முதல்ல சொல்லணும். தரையில, சாக்கு மேல, மழை ஒழுகுற கொட்டகையில, கட்டையைப் போட்ட மாதிரி தூங்கினேன். இப்ப வீடு இருக்கு, மெத்தை இருக்கு, பொண்ணு வகுப்புல முதல் ஆளா வருது. இப்பப் போய் தூக்கம் ஓடிப் போச்சு. எல்லாம் நல்லா ஆனப்புறம்தான் இது வந்துச்சும்மா. யார்கிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

அவதான் டாக்டர்கிட்டப் போங்கன்னு பிடிவாதம் பிடிச்சா. போனேன். அந்த மாதிரி டாக்டர்தான், உக்கார வச்சுப் பேசுறவரு. நல்ல மனுஷன், ஆனா பேரம் தெரியாதவரு. வாராவாரம் வாங்கன்னாரு, மாசத்துக்கு ஒரு தடவைன்னேன், இறங்கி வந்தாரு. மாத்திரை முழுசுன்னாரு, பாதின்னேன், சரி பாதியில ஆரம்பிக்கலாம்னாரு. கொஞ்ச நாள் கடைக்குப் போகாம இருங்கன்னாரு, அந்தப் பேச்சுக்கே இடமில்லன்னேன். எதையெல்லாம் நினைச்சா பயமா இருக்குன்னு கேட்டாரு. வாடகைய நினைச்சாதான்னேன். சிரிச்சுட்டாரு. எல்லாத்துலயும் நான் சொன்னதுக்கே முடிச்சுட்டு விசிலடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தா அவ. சிரிக்கல. யார்கிட்ட ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்கன்னு கேட்டா.

யார்கிட்ட ஜெயிச்சீங்களாம். பேச்சைப் பாருங்க.

அந்தப் பாதி மாத்திரையும் சட்டைப் பையிலயே கெடந்து தூளாப் போச்சு, அது அவளுக்குத் தெரியாது. தெரியும்னுதான் நினைக்கிறேன். சட்டைய அவதானே துவைக்கிறா.

நீங்க வெளிய எட்டிப் பாருங்கம்மா, ஒரு பொம்பளையும் பள்ளிக்கூடத்துப் பொண்ணும் வர்றாங்களா? இல்லியா. வர மாட்டா. இன்னைக்கு வர மாட்டா. வேணும்னேதான் போயிருக்கா, இப்பத்தான் எனக்கு உறைக்குது. கோவத்துல போகல அவ. கோவம்னா பாத்திரம் உருளும், எனக்குத் தெரியும். போறப்ப என் தலைய வருடிட்டுப் போனா.

அந்தத் தெருக்கோடியில மில்லு இருக்கு பாருங்க. முன்னெல்லாம் வேலை முடிஞ்சா மணி அடிப்பாங்க. நல்லா இருக்கும், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. புது முதலாளி வந்தாரு, மணியக் கழட்டிட்டுச் சங்கு மாட்டிட்டாரு. ஊருக்கே கேக்குதாம், பெருமையாச் சொல்றாரு. நான் போய்க் கேட்டேன், மணியையே அடிங்க, சங்கை நான் வாங்கிக்கிறேன், நல்ல விலை தர்றேன்னு. விளையாடுறேன்னு நினைச்சு முதுகுல தட்டி அனுப்பிட்டாரு. என் வாழ்க்கையில படியாத பேரம் அது ஒண்ணுதான்.

எங்க ஊருலயும் சங்கு உண்டு. ஆனா வேலை முடிஞ்சதுக்கு இல்ல. அது ஊதினா கொல்லையில வெட்டி வச்ச குழிக்குள்ள குதிக்கணும், மேல தகரத்தை இழுத்து மூடணும். மூடினவங்க பிழைச்சோம். இது மில்லுச் சங்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது.

அதான், அவ இருந்தா பார்த்துக்குவா. போன வாரம் பொண்ணு கூடப் படிக்கிற பிள்ளையக் கூட்டிட்டு வந்திருந்துச்சு. சங்கு நின்னுச்சு, அவ கொக்கிய எடுத்தா, நான் அலமாரிக்குள்ள இருந்து வெளிய வர்றேன், எதிர்ல ரெண்டு பிள்ளைங்களும் நிக்குது. அந்தப் பிள்ளை முழிக்குது. என் பொண்ணு கண்ணைக்கூடச் சிமிட்டல. எங்கப்பா பலகை உறுதியா இருக்கான்னு உள்ள போய்ப் பார்ப்பாருன்னு சொல்லுச்சு. என் ரத்தமாச்சே, நல்லாத்தான் பேசுச்சு. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. பிள்ளை உங்களுக்காகப் பொய் சொல்லப் பழகிடுச்சுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. இன்னைக்கு நீங்க வந்து நிக்கிறீங்க.

ஊத ஆரம்பிச்சுட்டான்.

பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் இப்படி உள்ள உக்காந்துக்குவேன், முட்டிய மடக்கினா சரியா இருக்கும். நீங்க கதவைச் சாத்திக் கொக்கியப் போட்டு விடுங்க. மெதுவாச் சாத்துங்க, இடது கதவு கீல் லூசு. சங்கு நின்னதும் ரெண்டு தட்டு தட்டிட்டு எடுத்து விட்டாப் போதும், அவ அப்படித்தான் செய்வா. பேசிக்கிட்டே இருங்க, எதையாவது, அந்தச் சுவத்து அளவையாவது சொல்லிக்கிட்டு இருங்க. அப்புறம் வண்டிக்காரரைக் கூப்பிடுங்க, நானும் ஒரு கை பிடிச்சு ஏத்தி விடுறேன். சாக்பீஸ் போட்டா போட்டதுதான். இன்னைக்கு ஒரு தடவை மட்டும் சாத்துங்கம்மா.