வாழைப்பழ வாசனைக்குத் தீர்த்தம்

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி பக்கம் பஸ் திரும்பியதும் ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“தீர்த்தம் தெளிச்சதால தான்டி வாழப்பழ வாசன வரல.”

காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“எந்தக் கோயில்ல?” என்றாள் தோழி.

“கோயில் இல்லடி, எங்க லேப்ல. இன்னிக்குப் புது எசென்ஸுக்கு மொத ட்ரையல். ஆல்கஹாலும் அசைல் குளோரைடும் சேர்ந்தா எஸ்டர் வரும். அதுக்குத் தான் வாழப்பழ வாசன. குடுவைய ஓவன்ல வச்சு, பொட்டுத் தண்ணி இல்லாம காய வச்சிருந்தேன். முதலாளி பூஜ போட்டு, அதுக்குள்ளயும் தீர்த்தம் தெளிச்சுட்டாரு. திரும்பக் காய வைக்கவும் விடல.”

“கொஞ்சூண்டு தண்ணி தான?”

“ஆல்கஹால் வர்ற வரைக்கும் குளோரைடு காத்துகினு இருக்குமா? தண்ணியோட சேர்ந்து ஆசிடா மாறிடும். குளோரைட ஊத்தினதும் வெள்ளப் புகை குபுகுபுன்னு வந்துச்சு. அவரு அத சாம்பிராணிப் புகைன்னு நெனச்சு கும்புட்டாரு. வினிகர் நாத்தம் அடிச்சப்புறம் தான் என்ன மொறச்சாரு.”

“தண்ணி தான் காரணம்னு சொல்ல வேண்டியது தான?”

“சொன்னேன். சாமி தண்ணியவே குத்தம் சொல்றியான்னாரு. தீர்த்தம் பத்தலயாம். நாளைக்குப் பூசாரியோட ஒரு கொடம் கொண்டு வராராம். நாளைக்கும் கெட்டுச்சுன்னா என் வேல காலி.”

தோழி கண்டக்டரிடம் பாஸைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

“தண்ணி வேணாம், சூடம் மட்டும் காட்டுங்கன்னு சொல்லிப் பாரேன்.”

“பக்கத்துலயே ஆல்கஹால் கேன் இருக்குடி. சூடம் காட்டினா வேல மட்டும் போவாது, லேபும் சேர்ந்து போயிடும்.”